பதினான்கு மணி நேர அட்மிரல்

யான்கோ வுகோவிச் ஒரு தேசத்தின் கடற்படைத் தளபதியாக இருந்தது சுமார் பதினான்கு மணி நேரம். 1918 அக்டோபர் 31ஆம் தேதி மாலை ஐந்து மணி வாக்கில் பொறுப்பேற்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரும் இல்லை, அவர் நின்றிருந்த கப்பலும் இல்லை. அவரைத் தளபதியாக்கிய தேசம் அதன் பிறகு ஒரு மாதம் தாக்குப்பிடித்தது.

முதல் உலகப் போரின் வரலாறுகளில் இந்தச் சம்பவத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரு பத்தி. அதுவும் இத்தாலியர்களின் சாகசப் பட்டியலில். இருட்டில் நீந்தி வந்து குண்டு வைத்த இருவரின் பெயர்களைக் கடற்படைக் கல்லூரிகளில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். மேல்தளத்தில் நின்றவரின் பெயரோ குரோஷியாவுக்கு வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. அந்தக் காலை நேரத்தில் அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தால் இந்த மறதி அநியாயமாகத் தோன்றுகிறது.

வுகோவிச் கடலோரத்தில் பிறந்தவர் அல்ல. குரோஷியாவின் லிகா மலைப் பிரதேசத்தில், பிரிஞ்ஞே ஊருக்கு அருகில் உள்ள யெசெரானே கிராமத்தில் 1871இல் பிறந்தார். கபேலா மலையின் அடிவாரம் அது. குடும்பப் பெயரோடு ஒட்டிக்கொண்ட ‘பொத்கபெல்ஸ்கி’ என்ற பட்டத்துக்கே கபேலாவின் கீழே என்றுதான் அர்த்தம். துருக்கியரைத் தடுப்பதற்காக ஹாப்ஸ்பர்க் மன்னர்கள் அமைத்த ராணுவ எல்லைப் பகுதியைச் சேர்ந்த மண். அங்கே விவசாயி என்றால் பாதி சிப்பாய் என்று பொருள். நிலத்துக்கு வரியாகச் சக்கரவர்த்திக்கு ஆள் தர வேண்டும். பல தலைமுறைகளாகத் தரைப்படைக்குப் பிள்ளைகளை அனுப்பிய அந்தச் சீமையிலிருந்து இவர் கடலுக்குப் போனார்.

அன்றைய ஆஸ்திரிய - ஹங்கேரிய சாம்ராஜ்யத்துக்குக் கடல் என்றால் ஏட்ரியாடிக் மட்டும்தான். தலைநகர் வியன்னாவிலிருந்து கடல் வெகு தொலைவு. ஆனால் ட்ரியெஸ்டே தொடங்கி டல்மேஷியா வரை நீண்ட கரை முழுவதும் அதன் கையில் இருந்தது. அந்தக் கரையில் வாழ்ந்தவர்களில் மிகப் பலர் குரோஷியர்கள். எனவே கப்பல்களின் கீழ்த்தளங்களில் கேட்ட மொழி பெரும்பாலும் குரோஷியன். உத்தரவுகள் வந்ததோ ஜெர்மனில். என்ஜின் அறையில் செக்குகளும் ஜெர்மானியர்களும், பீரங்கிகளுக்குப் பக்கத்தில் ஹங்கேரியர்கள், மேல்தளத்தில் குரோஷியர்களும் இத்தாலியர்களும். ஒரே கப்பலில் ஏழெட்டு மொழிகள். நல்ல அதிகாரி என்றால் அவற்றில் மூன்று நான்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கதம்பத்துக்கு மகுடம் போல ஒரு கப்பல் இருந்தது. பெயர் விரிபுஸ் உனிடிஸ். லத்தீனில் ‘ஒன்றுபட்ட சக்தியோடு’ என்று அர்த்தம். கிழச் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்பின் சொந்த இலட்சிய வாசகம் அது. ட்ரியெஸ்டேயில் கட்டப்பட்டு 1911 ஜூனில் நீரில் இறக்கப்பட்டது. 20,000 டன் எடை, மூன்று மூன்றாகப் பன்னிரண்டு பெரிய பீரங்கிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள். 1914 ஜூனில் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டை சாராயேவோ பயணத்துக்காக நெரெத்வா ஆற்றின் முகத்துவாரத்தில் இறக்கிவிட்டது இந்தக் கப்பல்தான். ஒரு வாரத்துக்குள் அவரையும் அவரது மனைவியையும் சவப்பெட்டிகளில் ட்ரியெஸ்டேவுக்குத் திரும்பக் கொண்டுவந்ததும் இதுவேதான். போரின் கடைசிக் காலத்தில் இதன் கேப்டன் வுகோவிச்.

போரில் இந்தப் பெரிய கப்பல்கள் செய்தது சொற்பம். 1915இல் இத்தாலி எதிர் அணியில் சேர்ந்ததும் ஒரு முறை இத்தாலியக் கரையைச் சுட்டுவிட்டுத் திரும்பின. அதன் பிறகு இஸ்திரியா முனையில் உள்ள போலா துறைமுகத்தில், இன்றைய புலாவில், நங்கூரமிட்டுக் கிடந்தன. சண்டை போட்டதெல்லாம் நீர்மூழ்கிகளும் சின்னக் கப்பல்களும். சும்மா கிடக்கும் கப்பலில் பசியும் வெறுப்பும் சீக்கிரம் வளரும். 1918 பிப்ரவரி 1ஆம் தேதி, இன்று மான்டிநீக்ரோவில் உள்ள கட்டாரோ வளைகுடாவில், சுமார் நாற்பது கப்பல்களில் மாலுமிகள் செங்கொடி ஏற்றினார்கள். கெட்டுப்போன சாப்பாடு, கிழிந்த உடை, முடிவே இல்லாத போர், அதிகாரிகளுக்கு மட்டும் வசதி. பம்பாய்த் துறைமுகத்தில் 1946 பிப்ரவரியில் நடந்ததைப் படித்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டியல் பழகியதாக இருக்கும். கட்டாரோ கலகம் மூன்று நாட்களில் அடங்கியது. நான்கு மாலுமிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கலகத்தின் விளைவாகத் தலைமை மாறியது. பல மூத்த அட்மிரல்களைத் தாண்டி, நிக்கோலஸ் ஹோர்தி என்ற ஹங்கேரியரைப் புதிய சக்கரவர்த்தி கார்ல் கடற்படைத் தளபதியாக்கினார். துணிச்சல்காரர் என்று பெயர். ஜூனில் பெரிய கப்பல்களை அவர் வெளியே கொண்டுவந்தார். 10ஆம் தேதி அதிகாலை லூயிஜி ரிஸ்ஸோ என்ற இத்தாலிய அதிகாரி ஒரு சின்ன மோட்டார் படகில் வந்து, விரிபுஸ் உனிடிஸின் உடன்பிறப்பான ஸெண்ட் இஷ்ட்வானை டார்ப்பிடோவால் மூழ்கடித்தார். அது கவிழ்ந்த காட்சி திரைப்படமாகவே எடுக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் திரும்பவும் போலாவுக்குள் முடங்கின. யானையை எறும்பு சாய்க்கும் கலையில் இத்தாலியர்கள் தேர்ந்துவிட்டிருந்தார்கள்.

அக்டோபரில் சாம்ராஜ்யமே சரிந்தது. பிராகில் செக்குகள் பிரிந்தார்கள். ஜாக்ரெபில் 29ஆம் தேதி குரோஷிய சட்டமன்றம் வியன்னாவுடனும் புடாபெஸ்டுடனும் இருந்த எல்லா உறவுகளையும் முறித்துக்கொண்டது. ஸ்லோவேனியர், குரோஷியர், செர்பியர் ஆகியோரின் அரசு என்ற புதிய நாடு அறிவிக்கப்பட்டது. தேசியக் கவுன்சில் என்ற அமைப்பு ஆட்சிப் பொறுப்பை ஏற்றது. போலாவில் மாலுமிகள் அதிகாரிகளின் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தக் கட்டத்தில் சக்கரவர்த்தி கார்ல் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். தோற்றுக்கொண்டிருக்கும் அரசர்கள் கப்பல்களை எதிரியிடம் ஒப்படைப்பார்கள், அல்லது தாங்களே மூழ்கடிப்பார்கள். கார்ல் தன் கடற்படை மொத்தத்தையும் ஜாக்ரெப் கவுன்சிலுக்குக் கொடுத்துவிட உத்தரவிட்டார். இத்தாலியிடம் போவதைவிட நேற்றுவரை தன் குடிமக்களாக இருந்தவர்களிடம் இருப்பது மேல் என்ற கணக்கு. கப்பல்களில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று மற்ற இனத்தவர்கள் பிற்பாடு உரிமை கோரலாம் என்றும் ஒரு பின்குறிப்பு இருந்தது. கூட்டுக் குடும்பம் உடையும்போது பாத்திரங்களை மூத்தவரிடம் ஒப்படைப்பதைப் போல.

அக்டோபர் 31 பிற்பகலில் ஜாக்ரெபின் தூதுக்குழு விரிபுஸ் உனிடிஸில் ஏறியது. குழுவில் ஆன்டே ட்ரெசிச் பாவிசிச் என்ற கவிஞரும் இருந்தார். ஹோர்தி கையெழுத்திட்டார். மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்பு சிவப்பு - வெள்ளை - சிவப்புக் கொடி கடைசி முறையாக இறங்கியது. கொடியோடு ஹோர்தி கப்பலை விட்டு இறங்கினார். (நிலத்தால் சூழப்பட்ட ஹங்கேரியை 1920 முதல் 1944 வரை அரசப் பிரதிநிதியாக ஆண்டவரும் இதே ஹோர்திதான். மன்னர் இல்லாத ராஜ்யத்துக்குக் கடல் இல்லாத அட்மிரல் என்று ஐரோப்பா அவரைக் கேலி செய்தது.) குரோஷிய மூவர்ணக் கொடி ஏறியது. கவுன்சில் கேப்டன் வுகோவிச்சை ரியர் அட்மிரலாக உயர்த்திக் கடற்படைத் தளபதியாக அறிவித்தது. அவருக்கு வயது 47.

காகிதத்தில் அது ஐரோப்பாவின் பெரிய கடற்படைகளில் ஒன்று. மிச்சமிருந்த மூன்று டிரெட்நாட் போர்க்கப்பல்கள், பழைய போர்க்கப்பல்கள், க்ரூசர்கள், நாசகாரிக் கப்பல்கள், டார்ப்பிடோ படகுகள், நீர்மூழ்கிகள். உண்மையில் வுகோவிச்சிடம் இருந்தது ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்த இரும்புக் கூடுகள். ஜெர்மானிய, ஹங்கேரிய, செக் மாலுமிகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனார்கள். அதிகாரிகளில் பாதிப் பேருக்குத் தாங்கள் இப்போது எந்த நாட்டுக்காரர்கள் என்பதே தெளிவாகவில்லை. தங்கியவர்கள் கொண்டாடினார்கள். போர் தொடங்கிய நாளிலிருந்து இருட்டடிப்பில் கிடந்த கப்பல்களில் அன்றிரவு விளக்குகள் எரிந்தன, பாட்டுக் கேட்டது. துறைமுகக் காவல் தளர்ந்தது. புது நாடு நடுநிலை நாடு, அதற்கு யாரோடும் போர் இல்லை என்று கவுன்சில் நேச நாடுகளுக்கு வானொலியில் செய்தி அனுப்பியிருந்தது. போர் முடிந்துவிட்டது என்று மாலுமிகள் நம்பியதில் குற்றம் காண முடியாது.

அதே நாளில் வெனிஸிலிருந்து ஒரு டார்ப்பிடோ படகும் ஒரு மோட்டார் படகும் கிளம்பியிருந்தன. பொறுப்பில் இருந்தவர் கோஸ்டான்ஸோ சியானோ. பிற்காலத்தில் முசோலினியின் சம்பந்தி ஆனவர். படகுகளில் இருவர் முக்கியம். ஒருவர் ரஃபாயெல்லே ரொசெட்டி, கடற்படைப் பொறியாளர். மற்றவர் ரஃபாயெல்லே பாவ்லூச்சி, இளம் டாக்டர். ஒருவரை ஒருவர் அறியாமலேயே இருவருக்கும் போலாவுக்குள் நீந்திப் போகும் யோசனை தோன்றியிருந்தது. ரொசெட்டி ஒரு ஜெர்மன் டார்ப்பிடோவின் உடலை மாற்றியமைத்து, ஆட்கள் பற்றிக்கொண்டு போகும் வாகனமாக்கினார். அழுத்தப்பட்ட காற்றில் மெல்ல நகரும். முன்னால் கழற்றக்கூடிய இரண்டு வெடிகுண்டுகள். கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ‘மிஞ்ஞாட்டா’ என்று பெயர் வைத்தார்கள். அட்டைப்பூச்சி என்று அர்த்தம். மூச்சுக் கருவி எதுவும் கிடையாது. ரப்பர் உடையும், நீருக்கு மேலே தலையும்தான்.

இரவு பத்து மணி வாக்கில் போலாவுக்கு வெளியே அவர்கள் நீரில் இறங்கினார்கள். மழையும் குளிரும். தடுப்புகளையும் வலைகளையும் ஒவ்வொன்றாகத் தாண்ட விடியற்காலை ஆகிவிட்டது. ஐந்து மணிக்குப் பிறகு ரொசெட்டி ஒரு குண்டை விரிபுஸ் உனிடிஸின் அடியில் பொருத்தி 6.30 மணிக்கு வெடிக்கும்படி வைத்தார். திரும்பும் வழியில் சர்ச்லைட் அவர்கள் மேல் விழுந்தது. பிடிபடுவோம் என்று தெரிந்ததும் இரண்டாவது குண்டை முடுக்கி, மிஞ்ஞாட்டாவை நீரோட்டத்தோடு போக விட்டார்கள். ஒரு படகு அவர்களைத் தூக்கி, அவர்கள் குண்டு வைத்த அதே கப்பலுக்குக் கொண்டு சென்றது.

மேல்தளத்தில் அவர்களுக்கு முதல் அதிர்ச்சி. மாலுமிகளின் தொப்பிகளில் பழைய சின்னம் இல்லை. ஹோர்தி போய்விட்டார், இது ஆஸ்திரியக் கப்பல் அல்ல, நேற்று மாலையிலிருந்து யூகோஸ்லாவியக் கப்பல் என்றார்கள். இருவரும் வெனிஸை விட்டுக் கிளம்பியபோது இது நடந்திருக்கவே இல்லை. அவர்கள் தளபதியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். வுகோவிச் வந்தார். உங்கள் கப்பல் பேராபத்தில் இருக்கிறது, எல்லோரையும் இறக்குங்கள் என்றார் ரொசெட்டி. குண்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

வுகோவிச் முன் இரண்டு வழிகள் இருந்தன. எதிரியின் வார்த்தையை நம்பலாம், அல்லது ஏமாற்று என்று ஒதுக்கலாம். முதல் நாள் இரவில் ஒரு கடற்படையின் தலைமைக் கப்பலை, இரண்டு நனைந்த கைதிகளின் பேச்சைக் கேட்டுக் காலி செய்வது சிரிப்புக்கிடமாகக்கூட முடியலாம். அவர் நம்பினார். கப்பலை விட்டு வெளியேறும்படி உத்தரவிட்டார். மாலுமிகள் படகுகளிலும் நீரிலுமாக இறங்கினார்கள். கைதிகளும் உயிர் தப்ப அனுமதி கேட்டார்கள், கொடுத்தார். இருவரும் கடலில் குதித்தார்கள்.

இங்கிருந்துதான் நிலைமை கைமீறியது. கோபமடைந்த மாலுமிகள் இருவரையும் பிடித்து மறுபடி கப்பலுக்கே இழுத்து வந்தார்கள். சாக வேண்டும் என்றால் இவர்களும் எங்களோடு சாகட்டும் என்ற ஆத்திரம். அடித்தளத்தில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று சிலர் கூச்சலிட்டார்கள். வுகோவிச் குறுக்கே நின்று, கைதிகள் மேல் கை வைக்கக் கூடாது என்று தடுத்தார். மணி 6.30 ஆனது. ஒன்றும் நடக்கவில்லை. எல்லாம் பொய் என்ற முடிவுக்கு வந்து, இறங்கியவர்களில் பலர் திரும்பிக் கப்பலில் ஏறத் தொடங்கினார்கள். குளிர்ந்த நீரில் கிடப்பவனுக்குக் கப்பல்தானே வீடு.

6.44க்குக் குண்டு வெடித்தது. சொன்ன நேரத்துக்குப் பதினான்கு நிமிடம் தாமதம். அந்தப் பதினான்கு நிமிடங்கள் எத்தனை உயிர்களைப் பறித்தன என்று யாராலும் கணக்கிட முடியாது. சத்தம் பெரிதாக இல்லை என்றும் நீர்த் தூண் ஒன்று எழுந்து விழுந்தது என்றும் சொல்கிறார்கள். கப்பல் சாய்ந்து, கால் மணி நேரத்தில் கவிழ்ந்து மூழ்கியது. இறந்தவர்கள் முந்நூறு முதல் நானூறு பேர். மிதந்து போன இரண்டாவது குண்டு, வீன் என்ற கப்பலின் அருகே வெடித்து அதையும் மூழ்கடித்தது.

வுகோவிச் கப்பலை விட்டு அகல மறுத்து அதோடு போனார் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கப்பல் கவிழ்ந்த பிறகு நீரில் இருந்தவரை ஒரு கட்டை தாக்கியது என்று இன்னொரு சாரார். முதல் கதை சிலைக்குப் பொருத்தமானது. இரண்டாவது, போரில் மனிதர்கள் வழக்கமாகச் சாகும் விதம். எப்படியானாலும், குண்டு இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் தன் ஆட்களைக் கைவிடவில்லை. குண்டு வைத்த இருவரும் உயிர் பிழைத்தார்கள்.

காவலைப் பலப்படுத்தாதது, காலி செய்த கப்பலுக்கு ஆட்களைத் திரும்ப விட்டது என்று அவர் மேல் குற்றம் சொல்பவர்கள் உண்டு. முதல் குற்றச்சாட்டில் நியாயம் குறைவு. பதவிக்கு வந்த இரவில், பாதி ஆட்கள் வெளியேறிய துறைமுகத்தில், எந்தத் தளபதியும் புதுக் காவல் அமைப்பை உருவாக்கியிருக்க முடியாது. இரண்டாவது குற்றச்சாட்டு கனமானது. ஆனால் முந்தின நாள்வரை அதிகாரிகளுக்கு அடங்க மறுத்தவர்களை, குண்டு வெடிக்காத நிலையில், நவம்பர் மாதக் கடலில் எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருக்க முடியும்?

இத்தாலியின் பங்கு இன்னும் சிக்கலானது. நீந்திய இருவருக்கும் கைமாற்றம் தெரியாது. ஆஸ்திரியாவுடன் போர்நிறுத்தம் கையெழுத்தானதே நவம்பர் 3ஆம் தேதிதான். போர்ச் சட்டப்படி அவர்கள் செய்தது சரி. ஆனால் 1915 லண்டன் ரகசிய ஒப்பந்தத்தில் இஸ்திரியாவும் டல்மேஷியாவின் ஒரு பகுதியும் இத்தாலிக்கு வாக்களிக்கப்பட்டிருந்தன. எதிர்க்கரையில் திடீரென்று ஒரு ஸ்லாவிய நாடு மூன்று பெரிய போர்க்கப்பல்களோடு முளைப்பதை ரோம் விரும்பவில்லை. அட்டைப்பூச்சி தீர்த்துவைத்தது அந்தக் கவலையையும்தான்.

நவம்பர் 5ஆம் தேதி இத்தாலியப் படை போலாவுக்குள் நுழைந்தது. புதிய நாட்டின் கடற்படையை நேச நாடுகள் அங்கீகரிக்கவே இல்லை. 10ஆம் தேதி மரியன் போலிச் போன்ற குரோஷிய அதிகாரிகள், ராடெட்ஸ்கி, ஸ்ரீனி என்ற இரு பழைய போர்க்கப்பல்களை அரைகுறை ஆட்களோடு கிளப்பிக்கொண்டு ஸ்ப்ளிட் பக்கம் ஓடினார்கள். இத்தாலியர்களிடம் மாட்டாமலிருக்க அமெரிக்கக் கொடியை ஏற்றிக்கொண்டு, அங்கிருந்த சின்னஞ்சிறு அமெரிக்கப் படகுகளிடம் சரணடைந்தார்கள். அதுவும் பலிக்கவில்லை, கடைசியில் இரண்டும் இத்தாலிக்கே போய் உடைக்கப்பட்டன. டெகெட்ஹாஃப் இத்தாலிக்குப் போயிற்று. பிரின்ஸ் ஆய்கன் பிரான்சுக்குப் போய், 1922இல் இலக்குப் பயிற்சியில் மூழ்கடிக்கப்பட்டது. டிசம்பர் 1ஆம் தேதி செர்பியாவுடன் இணைந்து உருவான புதிய ராஜ்யத்துக்குப் பங்கீட்டில் கிடைத்தவை பன்னிரண்டு டார்ப்பிடோ படகுகளும் சில பழைய கப்பல்களும். போலாவோ 1947வரை இத்தாலியின் கணக்கிலேயே இருந்தது.

ரொசெட்டிக்கும் பாவ்லூச்சிக்கும் வீரத்துக்கான தங்கப் பதக்கமும் பெரும் ரொக்கப் பரிசும் கிடைத்தன. பாவ்லூச்சி பெயர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணராகவும், முசோலினி காலத்தில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். ரொசெட்டி எதிர்த் திசையில் போனார். முசோலினியை எதிர்க்கும் ‘சுதந்திர இத்தாலி’ இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராகி, 1925இல் பிரான்சுக்குத் தப்பி ஓட நேர்ந்தது. அரசு அவரது பதக்கத்தைப் பறித்தது. ஆனால் பரிசுப் பணத்தின் ஒரு பகுதியை, நாடுகடக்கும் நிலை வருவதற்கு முன்பே, அவர் கொடுத்துவிட்டிருந்தார். பெற்றுக்கொண்டவர் யான்கோ வுகோவிச்சின் விதவை.

வெனிஸில் கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தின் வாசலில் இரண்டு பெரிய நங்கூரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விரிபுஸ் உனிடிஸினுடையது.